குருநகர்ப் பாலர் வகுப்பு

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும் நண்பர்கள் பெரும்பாலும் கல்லூரி மைதானத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதற்கு முந்திய காலத்தைப் பற்றி எழுத ஆசை. யாழ்ப்பாணத்தின் கரையோர ஊரான குருநகரில் எங்கள் பங்குக் கோவிலின் பாலர் வகுப்பில் என்னோடு இருந்த சிலர் இன்று இச்சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எட்டு மணிக்குள் பிள்ளைகள் வந்து நிறைந்துவிடுவோம். எங்கள் அம்மாமாரில் சிலர் விடியவே கரைக்குப் போய் மீன் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். சிலருக்கு சீநோர் வலைத் தொழிற்சாலையில் வேலை. இரவு கடலுக்குப் போன அப்பா அப்போதுதான் நித்திரைக்குப் போயிருப்பார். நாலு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? சிஸ்ரரும் இரண்டு ரீச்சர்மாரும் பார்த்தார்கள். அதனால்தான் அந்த அம்மாமார் உழைக்க முடிந்தது.

சிஸ்ரர் திருக்குடும்பக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். 1862 இல் யாழ்ப்பாணம் வந்த சபை அது. 1960, 61 இல் உதவி பெறும் மதப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆனால் அரசுப் பள்ளிக்கூடம் முதலாம் ஆண்டிலிருந்துதானே தொடங்குகிறது? அதற்கு முந்திய வயதைக் கோவில்களும் சனசமூக நிலையங்களும்தான் சுமந்தன.

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு இருக்கவில்லை. வலையில் இருந்து கழித்த மிதப்புக் கட்டைகளை அப்பாமார் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரீச்சர் அவற்றை உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சிவப்பும் நீலமும் பூசுவார். நடுவில் கயிறு போன துளை அப்படியே இருக்கும். அந்தத் துளைக்குள் ஈர்க்குச் செருகி வண்டில் செய்வோம். அடுக்கிக் கோபுரம் கட்டுவோம், விழுந்தால் எண்ணிப் பொறுக்குவோம். நான் பத்து வரை எண்ணப் பழகியது அப்படித்தான். எழுத்து மணலில். ரீச்சர் பின்னால் குந்தியிருந்து விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார்.

பக்கத்துத் தெருச் சைவப் பிள்ளைகளும் வந்தார்கள். விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கி, தை மாதம் எங்களோடு வந்து உட்காருவார்கள். செப நேரத்தில் அவர்களும் கைகூப்புவார்கள். அவர்களை மதம் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் ஒளிவிழா, அதுதான் எங்கள் நத்தார்க் கலைவிழா. குருநகர் கூத்துக்குப் பேர்போன ஊர் அல்லவா, இடையர் பாட்டை கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் வந்து கூத்து மெட்டில் பழக்கினார். கால்கள் தாளத்துக்கு வரும்வரை அவர் விடவில்லை. மேடையில் நாங்கள் ஆட, கீழே இருந்த அப்பாமார் தாங்களாகவே பிற்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம் அது.

மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத நாட்களில் சிஸ்ரர் மாதக் கட்டணம் கேட்கமாட்டார். அப்போது ரீச்சர்மாரின் சம்பளமும் குறையும். அவர்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பின்னாளில் அம்மா சொல்லித்தான் அறிந்தேன், மனம் கனத்தது.

இன்றும் அங்குள்ள முன்பள்ளி ஆசிரியர்கள் மிகச் சிறிய கொடுப்பனவில்தான் வேலை செய்கிறார்கள். நமது சங்கம் கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் கொடுத்திருக்கிறது, நல்லது. அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கும்படி நான் கேட்கப் போகிறேன். மணலில் எழுதிப் பழகியவர்கள் அன்று என்னோடு கை உயர்த்துங்கள்.