பெயின்ற் படக்கூடாத துண்டு

முல்லைத்தீவுக் கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் வள்ளங்கள். அவற்றின் உடலுக்குக் கறள் பயமில்லை. அதனால் கல் ஏற்றும் ஓர் இரும்புப் படகு எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஆசையோடு பொறுப்பெடுத்தேன். கிரைண்டரால் கறளைத் தேய்த்து எப்பொக்சி பூசினேன். அடியில் நான்கு நாகத் (சிங்க்) துண்டுகளை வெல்ட் பண்ணினேன். வடிவாக இருக்கட்டும் என்று அவற்றுக்கும் சேர்த்தே பெயின்ற் அடித்தேன்.

இரண்டு வருடம் கழித்துப் படகைக் கரையேற்றினோம். நாகம் வைத்தபடியே இருந்தது, சந்தோஷப்பட்டேன். பிறகு படகைத் தள்ளும் பித்தளை விசிறிக்குப் பக்கத்துத் தகட்டைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும். அது 'பொத்' என்றது. கொப்புளத்தைச் சுரண்டியதும் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. கீழே விரல்நுனி புதைகிற குழி. 5 மில்லிமீற்றர் தகட்டில் பாதிதான் மிச்சம்.

பித்தளையும் இரும்பும் தொட்டபடி உப்புத்தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பற்றரி. கரைவது இரும்பு. இரும்பைவிட எளிதில் கரையும் நாகம் முந்திக்கொண்டு கரைந்து அதைக் காக்கும். ஆனால் தண்ணீர் அதைத் தொட வேண்டுமே! நான் மூடிவைத்துவிட்டேன்.

கப்பல் வேலை தெரிந்த ஓர் அண்ணையிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "தம்பி, படகு கடலிலயோ களப்பிலயோ நிக்கிறது?" நந்திக்கடல் களப்பில்தான் நின்றது. மாரி வெள்ளம் இறங்கினால் அங்கே உப்புக் குறையும். அந்தத் தண்ணீரில் நாகத்தின் மேல் படை பிடித்து வேலை மந்தமாகும். களப்புக்கு அலுமினியக் கலவைத் துண்டுதான் பொருத்தம் என்றார். இரணைமடு போன்ற நன்னீருக்கென்றால் மக்னீசியமாம்.

இன்னொன்றும் சொன்னார். தேய்க்க முன்னம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புக்கு மேல் பூசினால் பெயின்ற் கொப்பளிக்கும். எங்கள் கடற்காற்றில் காலையில் தேய்த்த தகடு பின்னேரமே பழுப்பேறும் என்பதால் பிறைமரை, அதாவது அடிப்பூச்சை, அன்றைக்கே அடித்துவிடுவேன். வெள்ளிக் குளோரைட்டு மின்வாயைத் தண்ணீரில் இறக்கி, அதற்கும் படகின் இரும்புக்கும் இடையில் மீற்றரும் பார்க்கிறேன். −0.80 வோல்ற்றோ அதற்குக் கீழோ (−0.90 போல) காட்டினால் இரும்பு பத்திரம்.

பழுதான தகட்டை வெட்டி மாற்றி, அலுமினியத் துண்டுகள் பூட்டினேன். இந்த முறை கரையேற்றியபோது அவை தண்ணீரில் கிடந்த பனங்கட்டிபோல ஓரம் கரைந்து பாதியாகியிருந்தன. விசிறிப் பக்கத்தைத் தட்டினேன், மணிச்சத்தம். புதுத் துண்டுகளைப் பூட்டி, பெயின்ற் அடிக்க வந்த பொடியனிடம் அவற்றை முதலில் டேப் சுற்றி மறைக்கச் சொன்னேன்.