ஐந்து நிமிஷக் குரங்குக் கணக்கு

2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு இஸ்தோப்பில் (திண்ணையில்) நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அரசாங்க வேலை. எட்டிலிருந்து எட்டு ஐந்து வரை இலங்கை முழுக்க எல்லோரும் அவரவர் வீட்டு வளவில் நிற்கிற குரங்கு, மந்தி (கருமுகக் குரங்கு), மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏது வளவு? எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா (அறை வீடு), வந்ததோ ஒரே ஒரு தாள். "பழைய கணக்கப்பிள்ளை இருக்கும்போது நமக்கு எதுக்கு வம்பு" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காலை எட்டு மணிக்கு லயத்தில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்? கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லாம் ஏழரைக்கே தேயிலை மலையில். மிஞ்சுவது என்னைப் போன்ற கிழங்களும், காய்ச்சலென்று பிள்ளைக் காம்பராவுக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) அனுப்பாத குழந்தைகளும்தான். இந்த நேரத்தைக் குறித்தவர் ஒரு நாளாவது தோட்டத்தில் விடிந்து பார்த்திருக்கமாட்டார்.

குரங்குகள் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டன. கொய்யா மரத்தில் நான்கு, கூரைத் தகரத்தின் மேல் மூன்று. ஏழு என்று எழுதினேன். மந்தி இல்லை, மயில் இல்லை, மர அணில் இல்லை. பேனாவை மூடப் போகும்போது வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தத் தாய்க்குரங்கு வயித்துல ஒண்ணு தொங்குதே, அதை எழுதலையா?"

எழுதலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எட்டு ஐந்து ஆகிவிட்டது.

இந்தக் கணக்கெடுப்பு எதற்கென்றால், தேங்காய்க்காக. குரங்குகள் குரும்பை பறித்து வீணாக்குவதால் விளைச்சல் நட்டம், அதனால் முதலில் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்போம் என்றார்கள். எங்கள் பக்கம் தென்னையே கிடையாது. இந்தக் குளிரில் வைத்தாலும் காய்க்காது. எல்லாம் குருநாகல் பக்கமிருந்து லொறியில் வரவேண்டும். ஹட்டன் டவுனில் அந்த வாரம் ஒரு தேங்காய் 220 ரூபாய் சொன்னான். தோட்டத்துக் கடையில் இப்போது பாதித் தேங்காயும் தருகிறார்கள். உடைத்த பாதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறாள் வீட்டுக்காரி. கண் உள்ள பாதிதான் வேண்டும் என்பாள். அதில் பருப்பு தடிப்பாம். உண்மையோ பொய்யோ, ஐம்பது வருஷத்தில் நான் அதை எதிர்த்துப் பேசியதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குத் தேங்காய் கறிக்குப் போடுகிற சாமான். எங்களுக்கு அதுதான் காலைச் சாப்பாட்டின் பாதி. கோதுமை மாவில் துருவிய தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிப்பாகத் தட்டி, தாச்சியில் சுட்டால் ரொட்டி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல். விடியற்காலை சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போனால் பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில் உட்கார்ந்து பிய்த்துத் தின்னலாம். ஆறிப்போனாலும் கெடாது, வயிற்றில் கல் மாதிரி கிடக்கும், பசி தெரியாது. பூப் போடாத ரொட்டி ஆறினால் செருப்புத் தோல்தான். இப்போது மருமகள் சுடுவது அந்தத் தோல் ரொட்டி. சம்பலிலும் தேங்காயைவிட வெங்காயம் அதிகம். நான் ஒன்றும் சொல்வதில்லை. மலைக்குப் போகிறவள் அவள், இஸ்தோப்பில் உட்கார்ந்து தின்கிறவன் நான்.

நேற்று நானே போய் இரண்டு கை பச்சைக் கொழுந்து கிள்ளிக்கொண்டு வந்தேன். பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசிக் கருவாடு, எலுமிச்சம் புளி விட்டுப் பிசைந்தால் கொழுந்துச் சம்பல். பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "கசக்குது தாத்தா" என்று தள்ளிவிட்டாள். கசக்கத்தான் செய்யும். 1974 பஞ்சத்தில் அம்மா இதை மாசி இல்லாமல், உப்பு மட்டும் போட்டுத் தருவார். கோதுமை மாவுக்கான பங்கீட்டுக் கூப்பனைக் குறைத்துவிட்டார்கள். ஹட்டன் வீதிகளில் தோட்டத்து ஆட்கள் கையேந்தி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது 22 வயது. பேத்தியிடம் அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் போனை எடுத்துவிடுவாள். அவள்தான் இதைத் தட்டச்சு செய்கிறாள் என்பதால் இந்த வரியை வேண்டுமென்றே சொல்கிறேன். (சிரிக்கிறாள்.)

குரங்குக்கு அந்த வருஷம் நேரம் சரியில்லை. பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதற்கும் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். லயத்தில் அன்று பெரிய சிரிப்பு. எங்கள் பணிய லயத்தில் (கீழே உள்ள லயத்தில்) ஒருவர் சொன்னார்: "நம்ம லயத்துல மாசத்துல பாதி நாள் கரண்ட் போவுது, நம்ம குரங்கு பேரு பேப்பர்ல வரவே இல்லையே!"

கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். 35 வருஷம் அதைத்தானே செய்தேன். விடியற்காலை பிரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு (செடி வெட்ட), யார் முள்ளுக்குத்த (முள்ளால் மண் கிளற) என்று பிரித்து அனுப்பி, ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுத்து, செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேர் போடவேண்டும். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பெயர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் விழுந்தது என்று அர்த்தம். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நின்ற ஒரு பெண், இரண்டு கிலோ குறைந்ததால் பாதி ஆள் ஆகிவிடுவாள்.

அந்த இரண்டு கிலோ பல நாளில் தராசில்தான் போகும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. கழித்தது என் கை. வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழித்திருக்கிறேன். இதைச் சொல்லிப் புண்ணியம் தேடவில்லை. என் தராசுக்கு முன்னால் நின்ற பெண்களில் சிலர் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் "சாமி, கணக்கப்பிள்ளை ஐயா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

சரி, நம்மை எண்ணிய கதைக்கு வருகிறேன்.

அப்பா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்தப் பாராளுமன்றத்துக்கு எங்கள் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் போனார்கள். மறு வருஷமே எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஓட்டும் போனது. அப்பா 1985இல் செத்துப்போனார், இரண்டாவது ஓட்டுப் போடாமலே. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது எனக்கு வயது 12. ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்குப் போட்டு, ஐந்தே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இங்கே, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பிரித்தார்கள். தேங்காய் உடைப்பது மாதிரி சரிபாதி. இவ்வளவையும் எழுதிவிட்டு, இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் அதில் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். இயற்கை அதிகரிப்பு.

குரங்குக்குட்டியை எழுதுவதா என்று நான் ஏன் முழித்தேன் என்று இப்போது புரியும்.

அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவர். அண்ணி வீட்டார் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதியதால் அவரும் எழுதினார். அப்பா இங்கே என்று எழுதினார். ஒரே காம்பராவில் ஒரே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு விண்ணப்பமும் நிரப்பியவன் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்குமாம். 1973இல் ஹட்டன் ஸ்டேஷனில் அண்ணனை ஏற்றிவிட்டோம். தலைமன்னாருக்குப் போகிற அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். வண்டி நகரும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையின் விளிம்பு வரை ஓடினார். தகர டிரங்குப் பெட்டி ஒன்று, பித்தளைக் குடம் ஒன்று, ஒரு பை நிறைய ரொட்டி. அவ்வளவுதான் அண்ணன் கொண்டுபோனது.

செக்ரோல் பார்த்துப் பழகிய கண் என்பதால் குடிசன மதிப்பீட்டுப் புத்தகத்திலும் நான் அந்தக் கோச்சியைப் பார்க்கிறேன். 1971இல் இந்தியத் தமிழர் 11 லட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். பத்து வருஷத்தில் பிறந்தவர்களைக் கூட்டாமலே மூன்றரை லட்சம் குறைச்சல். வேறு இனத்தில் பதிந்துகொண்டவர்களும் உண்டு என்றாலும், பெரும் பகுதி கப்பல் ஏறியது.

1984இல் கப்பல் நின்றது. இந்தியாவுக்கென்று எழுதிவிட்டுப் போக முடியாமல் இங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தவர்கள் இருந்தார்கள். எனக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் கிடைத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. முதல் ஓட்டுப் போட்டது 1994இல், 42 வயதில். வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்த பையனுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அந்த மை போகக்கூடாதென்று இரண்டு நாள் சவர்க்காரம் போடாமல் இருந்தேன். மீதம் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம் 2003இல் வந்தது. 1948இலிருந்து 55 வருஷம். குரங்குக்கு ஐந்து நிமிஷம்.

அண்ணன் இப்போது தமிழ்நாட்டுக் கோத்தகிரியில். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லைன் வீடுதான். இங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே அவருக்குச் சிலோன்காரன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் குரங்குக் கதையைச் சொன்னேன். இருமி இருமிச் சிரித்தார். "இங்க யானைய எண்ணுவாங்க தம்பி, குரங்க எண்ணி நான் கேள்விப்பட்டதில்ல. சரி, தேங்கா அங்க என்ன வெல?" என்றார். 220 என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப சம்பல் அரைக்கிறீங்களா இல்லையா?" அவருக்கு அதுதான் கவலை. ஐம்பத்திரண்டு வருஷமாகியும் கோத்தகிரியில் எங்கள் மாதிரி ரொட்டி சுடத் தெரியாது என்பது அண்ணியைப் பற்றி அவர் சொல்லும் ஒரே குறை. அண்ணி பக்கத்திலிருந்து திட்டுவது இங்கே கேட்கும்.

அப்போது பிரதேச சபைத் தேர்தல் 2025 மே 6 என்றார்கள். வேட்பாளர்கள் லயத்துக்கு லயம் ஏறி வந்தார்கள். எனக்கு அரசியல்வாதிகள் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் 2024 நவம்பரில் எங்கள் மலையகப் பெண்கள் இருவர், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனபோது மருமகள் டிவியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ரொட்டி கருகிவிட்டது. அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் ஜனாதிபதி நாள் சம்பளம் 1700 ரூபாயாக வழிசெய்வோம் என்றார். அப்போது அடிப்படை 1350. மருமகள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, 1700 வந்தா ஒரு நாளைக்கு ஏழே முக்கால் தேங்கா" என்றாள். பேத்தியைக் கணக்கியலில் சேர்த்தது சரிதான், அம்மாவின் மூளை அவளுக்கு வந்திருக்கிறது.

வந்த இளம் வேட்பாளர் ஒருவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். எங்கள் லயத்துக்கு ஒரு விலாசம் வேண்டும். கதவு இலக்கம், தெரு என்று ஏதாவது. இன்னும் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. பேத்திக்கு ஒரு பரீட்சை அனுமதி அட்டை போன வருஷம் அங்கே ஒன்பது நாள் தூங்கி, முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எதில் குறித்தார் என்றால் போனில். இருக்கட்டும்.

குரங்குத் தாளை வாங்கிப்போக யாராவது வருவார்கள் என்று ஒரு வாரமாகப் பார்த்தேன், வரவில்லை. அதிகாரிக்கும் விலாசம் தெரியாதோ என்னவோ. புதன்கிழமை அதை எடுத்து ஏழை அடித்துவிட்டு எட்டு என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். செக்ரோலில் திருத்தினால் கையெழுத்துப் போடவேண்டும், அந்தப் பழக்கம். சாமி படத்துக்குப் பின்னால் என் பிரஜாவுரிமைக் காகிதம் இருக்கிற பிளாஸ்டிக் உறையில்தான் அதையும் வைத்திருக்கிறேன். வேறு இடத்தில் வைத்தால் மருமகள் கருவாடு சுற்றிவிடுவாள்.