கனோசா பனியில் வழுக்கி விழுந்து அரியர் வைத்த கதை

ரிசல்ட் நேற்று ராத்திரி வந்தது. 63. போன தடவை இதே தாளில் 31. தொலைதூரக் கல்வி பி.ஏ. வரலாறு, தமிழ்வழி, எனக்கு மிச்சமிருந்த ஒரே அரியர். அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

"இடைக்கால ஐரோப்பிய சமுதாயத்தில் திருச்சபையின் செல்வாக்கை விவரி." இரண்டு முறையும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். முதல் முறை பார்த்ததும் உள்ளுக்குள் ஒரே குஷி. 1077, இத்தாலியில் கனோசா கோட்டை வாசல், ஜெர்மன் ராஜா நான்காம் ஹென்றி மூன்று நாள் பனியில் நின்று போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்ட கதை. நாலு பக்கம் அளந்தேன். 1084-ல் அதே ஹென்றி ரோமைப் பிடித்தது வரைக்கும் போய்விட்டேன். கேட்டது சமுதாயத்தைப் பற்றி. என் பதிலில் ராஜாவும் போப்பும் இருந்தார்கள், ஒரு குடியானவன்கூட இல்லை. திருத்தியவரை ஆறு மாதம் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

இந்த முறை மாற்றியது ஒன்றுதான்: 1208-ல் தொடங்கினேன். கேன்டர்பரி பேராயராக ஸ்டீபன் லாங்டனை ஏற்க ஜான் மன்னர் மறுத்தார். போப் மூன்றாம் இன்னசென்ட் இங்கிலாந்து முழுக்க வழிபாட்டுத் தடை விதித்தார். 1214 வரை நீடித்தது. பொதுப் பூசை கிடையாது, கோயில் மணி கிடையாது, செத்தவரை மந்திரித்த மண்ணில் புதைக்க முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானமும் சாகக் கிடப்பவருக்குப் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) மட்டும் விட்டுவைத்தார்கள். (இதையும் சமய விலக்கையும் குழப்பாதீர்கள். அது தனி ஆளுக்கு, இது ஊருக்கே. ஜானுக்கு இரண்டும் கிடைத்தது.)

எங்கள் வீட்டு மோட்டார் நாலு நாள் ஓடாதபோதுதான் இந்த யோசனை வந்தது: ஒன்று நின்றுபோனால்தான் அது எதிலெல்லாம் இருந்தது என்று தெரிகிறது. திருச்சபை என்னென்ன செய்தது என்று ஒப்பிப்பதை விட்டுவிட்டு, குடியானவன் வாழ்க்கையில் அது எங்கெல்லாம் கை வைத்திருந்தது என்று பார்த்தேன். பாயிண்ட் தானாக வந்தது:

- வயல்: விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. தானியம் மட்டுமில்லை, ஆட்டுக்குட்டி, கம்பளியிலும்.
- சாப்பாடு: வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி இல்லை. மடங்களில் மீன்குளம் ஏன் வெட்டினார்கள் என்பதை இங்கே சொருகுங்கள்.
- கல்யாணம்: நம் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் ஓலை (அறிவிப்பு) வாசிக்கிறார்களே, அதைப் பொதுவிதி ஆக்கியது 1215-ல் ரோமில் ஆயர்கள் கூடிய நான்காம் லேட்டரன் சங்கம். ஏழு தலைமுறை வரை சொந்தத்தில் கட்டக்கூடாது என்றிருந்ததை நாலாகக் குறைத்ததும் அதுதான்.
- வழக்கு: பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கவைத்துக் குற்றத்தைச் சோதிப்பதில் குருக்கள் கலந்துகொள்ள அதே சங்கம் தடை போட்டது. இங்கிலாந்தில் ஜூரி விசாரணை வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிச்சயம் எழுதுங்கள்.
- சண்டை: 989-ல் பிரான்சில் கூடிய சாரூ சங்கம், 'இறைவனின் சமாதானம்' (கோயிலையும் குருக்களையும் ஏழைகளையும் தாக்கக்கூடாது என்பது). பிறகு புதன் மாலை முதல் திங்கள் காலை வரை போர் கூடாது என்ற விதி.
- மடம், பள்ளி, மருத்துவம்: எல்லோரும் எழுதுவார்கள். அரைப் பக்கம் போதும்.

ஒரே ஒரு வருஷம்தான் மண்டையில் நிற்கும் என்றால் 1215-ஐ வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் கட்டாயம் என்றதும் அதே சங்கம். யூதர்களும் முஸ்லிம்களும் தனி உடையால் அடையாளம் தெரியவேண்டும் என்றதும் அதுதான். இந்தக் கடைசி வரியை எழுத எனக்குக் கை கூசியது, ஜெபமாலை சொல்லி வளர்ந்த வீடு. ஆனாலும் எழுதினேன். திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்த விசாரணை மன்றத்தையும் சேர்த்து ஒரு பத்தி.

நான் கதையாகக் கேட்டால்தான் நினைவில் வைக்கிற ஆள். அட்டவணை போட்டுப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் சுற்றுவழியாகத் தெரியலாம். மற்றப் பாடங்களுக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள், அதெல்லாம் தட்டுத்தடுமாறித் தேறியவை.

கனோசாவை இந்த முறையும் எழுதினேன். மனசு கேட்கவில்லை. இரண்டே வரி.