யாருக்குத் தெரியாது?

"அதான் தெரியாத எண். எக்ஸ் என்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "யாருக்கு சார் தெரியாது?"

"உனக்குத்தாம்மா."

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் 'தெரியாத' என்ற சொல்லுக்கு அடியில் விரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு எண்ணின் 3 மடங்குடன் 5-ஐக் கூட்டினால் 26. இதுதான் கணக்கு. 7 என்று எனக்கு முன்பே தெரியும், கணக்கை எழுதிப் போட்டதே நான்தான். அவள் கேட்டதும் இதைத்தானோ?

நான் சொன்னது பொய்யில்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது, இன்னும் நாலு கணக்கு பாக்கி. அவளை மட்டம் தட்டும் எண்ணம் சத்தியமாக இல்லை. ஆனால் சிரிப்பு வந்தபோது நான் அதை அடக்கவும் இல்லை.

எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, ஊருக்கே தெரியாது: தெரியாமை என்றால் நம் பேச்சில் அது யாருக்காவது உரியதாகத்தான் வரும். 'தெரியாத எண்' மட்டும் நான்காம் வேற்றுமை இல்லாமல் தனியாக நிற்கிறது. விட்டுப்போன அந்தக் 'கு'வைத்தான் பிள்ளை கேட்டிருக்கிறாள். பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது காதில் விழவே இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தமது பீஜகணிதம் என்ற இயற்கணித நூலில் இந்தத் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்கிறார். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். அரிசி எவ்வளவு போட என்று கேட்டால் அம்மா சொல்வாரே, 'எவ்வளவு வேணுமோ அவ்வளவு', அந்த மாதிரி. யாருடைய அறியாமையும் அந்தப் பெயரில் இல்லை. 1637-இல் பிரெஞ்சு கணித அறிஞர் டெகார்ட் தெரிந்தவற்றுக்கு ஏ, பி, சி என்றும் தேடுபவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்றும் வைத்தார். நமக்கு வந்து சேர்ந்தது அந்த எக்ஸ்.

அடுத்த வாரமே எக்ஸ் + 3 = 3 + எக்ஸ் வந்தது. எந்த எண்ணைப் போட்டாலும் சரி. இங்கே தெரியாதது என்று எதைச் சொல்வது? 'மாறி' என்ற சொல்லைப் பாடநூல் வைத்திருப்பது இதற்குத்தான். அதைச் சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தேன். கை தூக்கவில்லை. முன்பும் அதிகம் கேட்கிற பிள்ளை இல்லை அவள். அன்றோடுதான் நிறுத்தினாள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, அதுவும் புரியவில்லை.

அரையாண்டுத் தாளைத் திருத்தும்போது மற்றவர்களெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி 'தெரியாத எண் எக்ஸ் என்க' என்று எழுதியிருந்தார்கள். அவள் தாளில் 'அந்த எண் எக்ஸ் என்க' என்று இருந்தது. விடை சரி, முழு மதிப்பெண் போட்டேன். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அந்த 'அந்த'வையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.