மடிவாளா கோயில் சுவரில் எங்கள் தாவரெகெரெ

பெங்களூரின் தாவரெகெரெக்கு நான் குடிவந்து 11 வருடம் ஆகிறது. கன்னடத்தில் தாவரெ என்றால் தாமரை, கெரெ என்றால் ஏரி. ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பக்கத்து மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் இதே ஊரைத் தாமரைக்கரை என்று தமிழில் வெட்டியிருப்பதாகப் படித்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

கல்வெட்டு பார்க்க உச்சிவெயில் ஆகாது. வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து கல்லோடு கல்லாகப் படுத்துவிடும். காலை ஆறரைக்குப் போய், செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒரு பக்கமாக நிழல் விழுந்தது. முதலில் ஒரு ‘ம’, அப்புறம் ஒரு ‘ட’. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஏழெட்டு எழுத்தைக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆனது.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணகிரி அம்மா, “என்ன தம்பி, செவுத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிற?” என்றார்.

“தமிழ் எழுத்தும்மா. எழுநூறு எண்ணூறு வருசம் ஆச்சு.”

பூவைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

இங்கே 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, வெங்களூர், அதாவது பெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே வேப்பூர்க்காரர் ஒருவர் கொடுத்த நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். அந்தப் பேகூரில் சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல் ஒன்று பெங்களூருப் போரைக் குறிப்பிடுகிறது. பசியோடு வந்த ஹொய்சள அரசன் வீர வல்லாளனுக்குக் கிழவி வெந்த அவரை கொடுத்ததால் ஊருக்கு ‘பெந்தகாளூரு’ (வெந்த பயறு ஊர்) என்று பெயர் வந்து பெங்களூரு ஆனது என்பார்களே, அந்த அரசனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முந்திய கல் அது. நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் கெம்பே கவுடா கோட்டை கட்டியதோ 1537இல்.

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் 1905இலேயே தொகுத்து அச்சிட்டுவிட்டார். அன்றைக்கு மைப்படிதான் வழி: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள், எழுத்து வெள்ளையாக நிற்கும். 2021 முதல் பெங்களூரின் வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி இந்தக் கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. கல்லின் ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் பதிவாகிவிடுவதால், கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை எந்தப் பக்கமிருந்தும் சாய்த்துப் பார்க்கலாம். என் டார்ச் செய்த வேலைதான், ஆனால் பல மடங்கு நுட்பமாக. கண்ணுக்குத் தட்டுப்படாத தேய்ந்த வரிகூட எழும்பி வரும். நாளைக்குக் கல்லே போனாலும் வரி மிஞ்சும்.

கல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் சொந்த ஊர்க் கோயிலில் திருப்பணி என்று மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுரண்டும் மணல்வீச்சு அடித்தார்கள். சுவர் புதுசு போல் பளபளத்தது. சின்ன வயதில் விரல் வைத்துத் தேடிய எழுத்துகள் மழுங்கி வெறும் தழும்பாகிவிட்டன. யாரும் படி எடுத்து வைத்திருக்கவில்லை. இன்றும் அந்தப் பக்கம் சுற்றி வர எனக்கு மனம் வருவதில்லை.

“தாமரை எங்கப்பா எழுதியிருக்கு?” என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அகப்படவில்லை. வெயில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு டார்ச்சை அவர் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் பாதிச் சுவர் பாக்கி.