கயிலை யாத்திரை: கால் பலம் மட்டும் போதாது, மூச்சுக்கு நாள் வேண்டும்

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம் என்று கிழக்கே போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பைக் கொண்டுபோய் திபெத்தில் 4,590 மீட்டரில் இருக்கும் மானசரோவர் ஏரிக்கரையில் படுக்கவைத்து, மறுநாளே பரிக்கிரமாவுக்கு (கயிலை மலையைச் சுற்றி நடக்கும் வலத்துக்கு) எழுப்பினால் அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

கயிலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் சுவாமிமலையின் 60 படி பத்தாது என்று திருச்சி மலைக்கோட்டை ஏறுகிறார்கள். குளித்தலை அய்யர்மலையின் ஆயிரத்துச் சொச்சம் படியும் ஏறி இறங்குகிறார்கள். முட்டிக்கும் தொடைக்கும் நல்லது, விடாமல் செய்யுங்கள். ஆனால் உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கும் கால் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். வயக்காட்டில் நாள் முழுக்க வேலை செய்கிற இளைஞர் வேகமாக ஏறிவிட்டுச் சுருண்டு படுப்பதும், மெதுவாக வந்த அறுபது வயது மாமி தெம்பாக உட்கார்ந்திருப்பதும் அங்கே சகஜம்.

காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், 5,000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல். அதை ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் சரிக்கட்ட வேண்டும். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சாப்பாடு தென்னிந்தியச் சாப்பாடா என்பதல்ல, எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்பது. காத்மாண்டு 1,400 மீட்டர். எல்லை தாண்டியதும் வரும் திபெத் ஊர் கேருங் சுமார் 2,800. அடுத்த ஊர் சாகா, ஏறக்குறைய 4,500. ஒரே பகலில் 1,700 மீட்டர் ஏற்றம்! சாலை அப்படி, மாற்ற வழியில்லை. கேருங்கில் இரண்டு ராத்திரி, மானசரோவரில் இரண்டு ராத்திரி இருந்தால்தான் அது ஓரளவு ஈடாகும். 'எட்டே நாளில் கயிலாயம்' என்று விளம்பரம் வந்தால் எந்த ராத்திரியை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெலிகாப்டர் வழி இன்னும் மோசம். வெயில் கொளுத்தும் நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், ஹில்சா என்ற நேபாள மலையூர்கள் வழியாக இரண்டு மூன்று நாளில் 4,000 மீட்டரை எட்டிவிடுவார்கள். கால்வலி மிச்சம், தலைவலி இலவசம். இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் வயது 18 முதல் 70, உடல் எடைக் குறியீடு (BMI, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25-க்குள் என்ற கெடுபிடியும் வழியில் இரண்டாவது மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வெறுப்பேற்றும்தான், ஆனால் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

டயமாக்ஸ் மாத்திரை (அசெட்டசோலமைடு) தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனியும் உதடும் மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பிரஷருக்கு ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஊரில் இருக்கும்போதே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை பார்க்கும் மீட்டரும் இன்சுலினும் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிரில் மீட்டர் தப்பாகக் காட்டும், இன்சுலின் உறைந்தால் வீண்.

உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலியோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு வந்தால் அது உயர நோய்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. நாளுக்கு மூன்று டிகிரி காபி குடித்துப் பழகியவர் 'யாத்திரைக்கு விரதம்' என்று காபியை நிறுத்திவிட்டால், அந்தத் தலைவலியும் அச்சுஅசல் இப்படித்தான் இருக்கும். இன்ஸ்டன்ட் பொடி பாக்கெட்டுகளை எடுத்துப்போய் வழக்கம்போலக் குடியுங்கள். பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்துத் தலைவலி போனால் அங்கேயே தங்கலாம். முழுக்கச் சரியாகும்வரை மேலே ஏறக்கூடாது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடவே வேண்டாம். சில விநாடி மூச்சு நின்று பிறகு திடுக்கிட்டு விழிப்பது அந்த உயரத்தில் பலருக்கும் வருவதுதான்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சு திறந்தாற்போல இருக்கும். அது மூக்கின் உணர்வு மட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. கையில் வைத்திருக்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிரதோஷம், ஏகாதசி என்று பட்டினி கிடப்பதைப் பரிக்கிரமா நாட்களில் தள்ளிவையுங்கள். மானசரோவரில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் வடித்த சோறு நடுவே நறநறக்கும். குக்கரில் குழைய வைத்த கஞ்சி, அதற்கு நார்த்தங்காய் ஊறுகாய். பசி செத்துப்போன நாக்குக்கு அந்தப் புளிப்பு இறங்கும்.

பெரிய ஆபத்து எதுவென்றால், தலைவலியை மறைப்பது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பரிக்கிரமா போகாமல் திரும்புவதா' என்று மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கயிலைக்கு நடந்து, தவழ்ந்து, உருண்டு உடம்பு தேய்ந்த அப்பரையே சுவாமி திருப்பி அனுப்பித் திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்து காட்சி கொடுத்தார். ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் வருஷா வருஷம் அதைத்தானே கொண்டாடுகிறோம்? கயிலை அடிவாரத்து ஊரான டார்ச்சனில் தங்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டால் புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது.

பரிக்கிரமா மொத்தம் சுமார் 52 கிலோமீட்டர், மூன்று நாள். முதல் நாள் ராத்திரி திராபுக் என்ற தங்குமிடத்தில் 5,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் தூங்கி, இரண்டாம் நாள் இருட்டில் கிளம்பி 5,630 மீட்டர் டோல்மா கணவாயைத் தாண்ட வேண்டும். கடைசி ஏற்றத்தில் ஒரு அடிக்கு ஒரு மூச்சு. 'சிவாயநம' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'சிவா'வோடு மூச்சு முட்டினால் வேகம் அதிகம். ஐந்தெழுத்தும் ஒரே மூச்சில் வரும் அளவுக்குக் குறையுங்கள். குதிரையில் போகிறவர்களுக்குக் கால் அசையாததால் குளிர் எலும்புவரை ஏறும், கையுறை இரண்டடுக்கு வேண்டும். கணவாய்க்கு அந்தப்புறச் செங்குத்து இறக்கத்தில் எப்படியும் இறங்கி நடக்கத்தான் வேண்டும். உச்சியில் ருத்ரம் முழுக்கச் சொல்ல உட்கார வேண்டாம். பத்து நிமிஷம், ஒரு நமஸ்காரம், இறக்கம். கணவாய்க்குக் கீழே இருக்கும் கௌரி குண்டம் என்ற குளத்தை மேலிருந்தே தரிசிக்கலாம்.

ஆளைக் கீழே இறக்கியே தீரவேண்டிய அடையாளங்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், நுரைத்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறுவது, பெயர் மறப்பது மூளை வீக்கத்தின் அறிகுறி. சந்தேகம் வந்தால் குதிகாலும் பெருவிரலும் தொட நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். ஆயுசெல்லாம் வரப்பில் நடந்தவர் சமதரையில் தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) எல்லாம் ஆளைக் கீழே கொண்டுவரும்வரை தாங்குவதற்குத்தான். 300 முதல் 1,000 மீட்டர் இறங்குவதுதான் வைத்தியம், கூடவே ஒருவர் போக வேண்டும். நேபாள வழியில் போகிறவர்களுக்கு விசா குழுவாகத்தான் தருகிறார்கள் என்பதால், நடுவில் ஒருவர் மட்டும் திரும்ப என்ன காகிதம் வேண்டும், வண்டி யாருடையது, செலவு யார் பொறுப்பு என்பதைக் காத்மாண்டுவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.