ஆனை நிக்கும், பிள்ளை

மன்னார்குடியிலிருந்து இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னிக்கு வந்து 11 மாதம் ஆகிறது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, அவர்களுடைய வரவு செலவு என்ன, வயலில் இறங்கும் யானைகள் எங்கிருந்து வருகின்றன என்று படிக்க வந்தேன். மூன்றுக்கும் மூன்று நோட்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி, ஒட்டுசுட்டானில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. எனக்கு அறை கொடுத்த அம்மாவுக்கு 55 வயதிருக்கும். கணவரைப் போரில் இழந்தவர். மகள்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில். முதல் நாள் மாலை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்து, "இருட்டினாப் பிறகு தனிய வெளியாலை போகாதேங்கோ பிள்ளை, ஆனை நிக்கும்" என்றார். வரும் என்று சொல்லவில்லை. நிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நிற்பார் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. அன்று இரவு முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்துக்கொண்டேன்.

ஒரே மொழிதானே என்று வந்த எனக்கு முதல் மாதம் சொல் பொறுக்கவே சரியாக இருந்தது. எங்கள் மதகு இங்கே துருசு. கலிங்கு இங்கே வான். குளம் நிரம்பி வழிந்தால் 'வான் பாயுது' என்பார்கள். உரம் பசளை, நோட்டு கொப்பி, பவர் டில்லர் லாண்ட்மாஸ்டர், வேர்க்கடலை கச்சான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டிகள் நின்று, கும்பிட்டு, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டுதான் நகர்கின்றன. கண்ணிவெடிக்கு இங்கே மிதிவெடி என்று பெயர். அந்தச் சொல்லை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யாழ்ப்பாணம் போகும் வழியில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையில் படித்தேன். போர் முடிந்தது 2009 மே மாதம். மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்டி எடுக்கும் வேலை வடக்கில் இன்னும் நடக்கிறது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மா கூட்டிப்போனார். நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகி அம்மன் கோயில். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பார்கள். எங்கள் சோழநாட்டுக் கரையில் பிறந்தவள் கண்ணகி. அவளுக்கு எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பொங்கலை நான் பார்த்ததில்லை. ஊர் விட்டு வந்த ஏக்கம் அந்தக் கூட்டத்துக்குள் நின்றபோதுதான் கொஞ்சம் குறைந்தது.

டெல்டாவில் தண்ணீர் என்றால் மேட்டூர். ஜூன் 12 அன்று அணை திறக்குமா என்பதுதான் வீட்டுப் பேச்சு. இங்கே காவிரி மாதிரி ஒரு ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழைதான் எல்லாம். அந்த மழையோடு காலபோகம். குளத்தில் மிஞ்சியதை வைத்துச் சிறுபோகம். வந்த புதிதில் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும், ஆளுக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று பேசிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு ஐயா, அரை ஏக்கருக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நடக்கும் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெகுநேரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொருளாதாரம் பற்றி எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆவணம் அம்மாவின் கணக்குக் கொப்பி. பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிதான், அட்டை கிழிந்து நூலால் தைத்தது. போகத்துக்கு ஒரு பக்கம். உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெஷின், சாக்கு என்று இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் ரூபாய். 2021 காலபோகப் பக்கத்தில் பசளை என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமில்லை, ஒரு கோடு மட்டும். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகம் தொடங்கியாயிற்று. அடுத்த ஏப்ரலில் நாடே வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அப்புறம் டீசலுக்கு வரிசை. அடுத்த பக்கத்தில் 'காப்பு 2 அடைவு' என்று எழுதியிருந்தது. அடைவு என்றால் அடகு. "நெல்லு மஞ்சளாத்தான் நிண்டது பிள்ளை" என்றார். அந்தக் காப்பு இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆனி, ஆடியில் பாலைப்பழம். வாயில் போட்டால் உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு இனிப்பு. கரடிக்கும் அதுதான் உயிர் என்பதால் அந்த மாதங்களில் தனியாகக் காட்டுக்குள் விடமாட்டார்கள். பக்கத்து வளவு ஐயா ஒருவர் கூட வருவார். காட்டு வாசலில் ஒரு குழையை முறித்துக் கிளையில் செருகிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று பட்டையைத் தொட்டே மரம் சொல்வார். யானை லத்தியைக் குச்சியால் பிரித்து, "இது காட்டுத் தீனி" என்பார். ஒருநாள் பிரித்ததில் நெல் உமி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் குச்சியைக் கீழே போட்டார்.

அந்த லத்தி கிடந்த இடம் அம்மாவின் பழைய வயல் பக்கம். 2009 இல் ஊரே இடம்பெயர்ந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு ஏக்கர் காடாகியிருந்தது. வெட்டித் துப்புரவாக்கப் போனவரை, இது இனிமேல் அரசாங்கக் காடு என்று எல்லைக்கல் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வயல் சுருங்கியது, வருமானம் சுருங்கியது. ஆள் இல்லாத வருடங்களில் குடிவந்த யானைக்கோ அதுதான் இப்போது வீடு. அன்றிரவு எந்த நோட்டில் இதை எழுதுவது என்று தெரியாமல், மூன்றையும் மூடிவைத்துவிட்டு அம்மாவுடையது மாதிரி ஒரே கொப்பி வாங்கினேன்.

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2023 ஆம் ஆண்டில் மட்டும் 450க்கு மேல் செத்தன. அதே வருடம் யானையால் இறந்த மனிதர்கள் 150க்கு மேல். யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். காட்டெல்லையில் மின்வேலி போட்டால் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கும். அதைவிட, பயிர் நிற்கும் மாதங்களில் வயலைச் சுற்றி ஊரே வேலி போட்டுக் காத்து, அரிவி வெட்டு முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். இந்தப் போகம் எங்கள் பக்கத்து வயல்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். மழையில் கம்பியில் சாய்ந்த கொடிகளை வெட்டப் பெண்களும் முறை வைத்துப் போனோம்.

போன வாரம் கம்பியைச் சுருட்டியாயிற்று. முந்தாநாள் இரவு வயலில் வைக்கோல் சரசரக்கும் சத்தம். அம்மாவும் நானும் திண்ணையில் இருந்தோம். நான் டோர்ச் அடித்தேன். தந்தமில்லாத ஒரு பெரிய ஆண் யானை. தும்பிக்கையால் வைக்கோலைச் சுருட்டி, முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி, மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்தது.

"டோர்ச்சை நூர், பிள்ளை. திண்டிட்டுப் போகட்டும்."

நூர் என்றால் அணை. போகாதேங்கோ, வாங்கோ என்று பேசிய அம்மா, நூர் என்று ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை. நூர்த்துவிட்டு இருட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.